ங்க

வந்த அன்று அவளிடம் இருந்தது
ஜிப் போன ஒரு ஸ்கூல் பை,
இரண்டு செட் துணி,
அரசாங்கக் கோப்பு ஒன்று,
அப்புறம் அந்த ‘ங்க’.

வேண்டாங்க. போதுங்க. தூக்கம் வரலீங்க.
அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விடப் போனால்
கையைக் குறுக்கே நீட்டி
‘துளியூண்டு போதுங்க.’
ஏழு வயசு.

எங்கள் பக்கத்தில்
மாட்டு வியாபாரி முதல் மாப்பிள்ளை வரை
எல்லோரும் எல்லோருக்கும் போடுகிற ங்க தான்.
மரியாதை தெரிந்த பிள்ளை என்று
முதல் வாரம் பெருமைகூடப் பட்டேன்.
பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம்
‘சித்தே தள்ளி ஒக்காருங்க’ என்பதும்
அதே ங்க தான் என்பது
அப்புறம்தான் உறைத்தது.

வளர்ப்புப் பராமரிப்பு, தற்காலிகம்
என்றிருந்தது கோப்பில்.
கந்தவேல் கடைசிச் சொல்லைக்
கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு வாசித்தார்.

திருப்பூரிலிருந்து ஒரு மேடம் வருவார்.
கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா,
தறிக்குடோனுக்கும் பிள்ளை படுக்கும் அறைக்கும்
நடுவே எத்தனை அடி.
‘இங்க புடிச்சிருக்கா பாப்பா?’
‘புடிச்சிருக்குதுங்க.’
அவர் எழுதிக்கொள்வார்.
நான் டீ ஆற்றுவேன்,
ஆறிப்போன டீயையும் ஆற்றுவேன்.

அவிநாசியில் ஒரு காதுகுத்து விருந்து.
நங்கையா பந்தியில் குனிந்து கேட்டார்:
‘புள்ள எந்தக் கூட்டமுங்க?’
இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது.
அதற்குக் கையால் அணை கட்டியபடி
கந்தவேல் சொன்னார்:
‘மூணு பேர் கூட்டமுங்க.’
யாரும் சிரிக்கவில்லை.
அடுத்த விசேஷத்துக்குப் பத்திரிகை வரவில்லை,
ஃபோன்தான் வந்தது.

ராத்திரி ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொல்வாள்:
‘எங்கம்மா கருவாடு வறுத்தா
வீதியே மணக்குமுங்க.
அவ கையி அப்பிடிங்க.’

அவ.
அவளுக்கு அவ. எனக்கு நீங்க.
இரண்டு தடவை ஆள் அனுப்பியும்
கமிட்டி முன்னால் வராதவள்,
மூன்றாம் தடவை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு
பிள்ளையைப் பார்க்காமல் ஆட்டோ ஏறியவள்.
அவள்மேல் கோபம் என்று சொன்னால் பாதி பொய்.
அந்த இரண்டெழுத்தின் மேல் எனக்குப் பொறாமை.

மறுநாளே கருவாடு வாங்கி வறுத்தேன்.
எங்கள் வீட்டில் அது நுழைந்தது அதுதான் முதல்.
கந்தவேல் மூக்கைப் பொத்திக்கொண்டு
வாசலில் நின்று சாப்பிட்டார்.
அவள் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள்,
வெகுநேரம் மென்றாள்.
‘நல்லாருக்குதுங்க.’

இந்த வைகாசியில்
கலெக்டர் ஆபீசில் தத்து ஆணை கொடுத்தார்கள்.
தாய் என்ற இடத்தில் இருந்த என் பெயரை
விரல் வைத்து வாசித்தாள், சு மித் ரா.
‘எழுத்துப் பிழை இல்லீங்க,’ என்றாள்.
திரும்பும் பஸ்ஸில்
ஜன்னலைக் காட்டிக் கேட்டாள்:
‘அங்க ஒக்காந்துக்கட்டுங்களா?’
கலெக்டர் கையெழுத்துக்கும் அசையவில்லை அது.

நேற்றுக் காலை ஏழே முக்கால்.
எட்டுத் தறியும் ஓடினால்
நம் தும்மல் நமக்கே கேட்காது.
சட்டென்று கரண்ட் போனது.
நாடா பாதி வழியில் நின்றது.
பஞ்சுத் தூசி மட்டும் இறங்கிக்கொண்டிருக்க,
இரண்டு சுவர் தாண்டி வந்தது:

‘ஏம்மா! எம்பட பச்சை ரிப்பன
எங்க கொண்டி வெச்சே?
எத்தன வாட்டி சொல்றது உனக்கு!’

விரல் விட்டு எண்ணினேன்.
மொத்தத்தில் ஒரே ஒரு ங்க.
அதுவும் ‘எங்க’வில் இருப்பது,
அது வேறு ங்க.

ரிப்பன் என் இடுப்பில்தான் சொருகியிருந்தது.
வாயைத் திறக்கவில்லை.
இன்னொரு தடவை கத்தட்டும்.
கரண்ட் மட்டும்
இப்போது வந்து தொலையக் கூடாது.